நான்காம் கட்டத்துக்கு மெழுகு கிடையாது

மார்ச் 4, ஞாயிறு

காலையில் இறங்கிப் பார்த்தால் வண்டியின் பானட்டில் ஒரு காக்கை கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. சின்னக் கையெழுத்து இல்லை. முழுப்பெயர், தகப்பனார் பெயர், விலாசம் எல்லாம் எழுதின மாதிரி நீளமாக.

துடைத்தேன், போனது. ஆனால் போன இடத்தில் மங்கலாக ஒரு தடம். நாற்பத்து நான்கு வயதில் ஓட்டக் கற்று, நாற்பத்தைந்தில் என் பெயரில் வாங்கிய கருநீல வண்டி இது. வாசலில் வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. வீட்டு ஷெட்டில் ஒரு வண்டிக்குத்தான் இடம். அங்கே அண்ணியின் வெள்ளை வண்டி.

அண்ணி என்றால் இவருடைய அக்கா. கீழே அவர்கள், மாடியில் நாங்கள். பத்தொன்பது வருடமாக சாயங்காலம் ஆறு மணிக்கு நானும் அண்ணியும் படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறோம். ஜனவரியில் ஒரு நாள், "உங்க வண்டி வாரத்துக்கு ஒரு தடவதான வெளிய போகுது, மாத்தி மாத்தி நிறுத்தலாமே அண்ணி" என்று கேட்டேன். "வந்ததும் வராததுமா பங்கு கேக்கறியா?" என்றார். பத்தொன்பது வருடம் கழித்து வந்ததும் வராததுமா! நானும் பதிலுக்கு ஏதோ சொன்னேன். அது இப்போது எதற்கு?

அதோடு பேச்சு நின்றது. இன்றோடு நாற்பத்தொரு நாள். டீ தனியாகத்தான். தனியாகக் குடித்தால் டீ சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

சரி, வண்டிக்கு வருவோம். ஷெட்டே வேண்டாம், மெழுகு போட்டே என் வண்டியைக் கண்ணாடியாக வைத்துக்கொள்கிறேன் என்று வீராப்பாகக் கிளம்பிவிட்டேன். எத்தனை நாளுக்கு ஒரு முறை போடுவது என்றுதான் தெரியவில்லை.

மார்ச் 6

உதிரிபாகக் கடைக்காரர்: "வெளிய நிக்கற வண்டியா? வாரா வாரம் போடுங்க." (மெழுகு விற்பவர் அவர்.)

ஓட்டக் கற்றுத்தந்த மாஸ்டர்: "மூணு மாசத்துக்கு ஒருக்கா போதும்மா. மொதல்ல ரிவர்ஸ் ஒழுங்கா எடுங்க."

இவர்: "மழை கழுவுது, வெயில் காய வைக்குது. நடுவுல நீ எதுக்கு?"

டப்பாவின் பின்பக்கம்: "தேவைப்படும்போது பயன்படுத்தவும்." இதை எழுதினவருக்குச் சம்பளம் வேறு கொடுத்திருப்பார்கள்.

மார்ச் 11, ஞாயிறு

நான் யார்? குடிநீர் ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகத் தண்ணீரைப் பரிசோதிப்பவள். நாலு பேர் நாலு விதமாகச் சொன்னால் அதில் எது சரி என்று நான் ஏன் யோசிக்க வேண்டும்? சோதித்துப் பார்த்தால் போயிற்று.

பாத்திரம் கழுவும் சோப்பால் பழைய மெழுகெல்லாம் போகும்படி பானட்டைக் கழுவினேன். பெயின்ட்டைப் பிடுங்காத காகித டேப்பை ஒட்டி நாலு கட்டம் பிரித்தேன். முதல் கட்டத்துக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மெழுகு. இரண்டாவதுக்கு மாதம் ஒரு முறை. மூன்றாவதுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. நான்காவதுக்கு ஒன்றும் கிடையாது.

நான்காவதுதான் முக்கியம். ஆய்வுக்கூடத்தில் எப்போதும் ஒரு குப்பியில் எதுவும் சேர்க்காத சுத்தத் தண்ணீர் வைப்போம். பிளாங்க் என்போம். மற்ற குப்பிகளை அதோடுதான் ஒப்பிட வேண்டும். பிளாங்க் இல்லாத சோதனை வெறும் வம்பளப்பு.

அளவெடுப்பது எப்படி? கட்டத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரே டிராப்பரில். மெழுகு இருந்தால் சொட்டு முத்தாக உருண்டு நிற்கும். இல்லையென்றால் தட்டையாகப் பரவும். அதன் அகலத்தை ஸ்கேல் வைத்து அளக்க வேண்டியதுதான். இன்று: 5, 5, 5, 8 மில்லிமீட்டர்.

இவர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார். "இது பானட்டா, கேரம் போர்டா?"

ஆராய்ச்சி செய்பவர்களை உலகம் எப்போதும் இப்படித்தான் பார்க்கும்.

மார்ச் 13

பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'சந்தேகம்'. கடிகாரத்தில் மணி பார்த்தால்கூட இன்னொரு கடிகாரத்தில் சரிபார்ப்பார். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பிளாங்க் தெருவுல நிக்குதே, யாராவது கை வெச்சா?"

"பானட்ல யாரு சார் கை வெப்பாங்க?"

ஏப்ரல் 8, ஞாயிறு

முதல் கட்டத்துக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் மெழுகு. வண்டியை எப்போதும் போல முகப்பு வீட்டைப் பார்க்க நிறுத்தியிருந்தேன். தடவிய மெழுகு காய்வதற்குள் துடைக்க வேண்டும், காய்ந்தபின் துடைத்தால் தோள் கழன்றுவிடும். இந்தப் பாடத்தைப் போன முறையே என் தோள் படித்துவிட்டது.

குனிந்து தேய்த்துக்கொண்டிருக்கும்போது அண்ணி காய்கறிப் பையோடு வந்தார். பானட்டைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார். வாயைத் திறந்தார். நானும் நிமிர்ந்தேன். "ம்" என்றுவிட்டு உள்ளே போய்விட்டார்.

எழுபத்தாறு நாளில் ஒரு 'ம்'. அது எந்த 'ம்' என்று மதியம் முழுக்க யோசித்தேன். ஏன்தான் இப்படி இருக்கிறேனோ.

ஏப்ரல் 22, ஞாயிறு

5, 5, 6, 9. நான்காம் கட்டம் அருமையாக மங்கிக்கொண்டு வருகிறது. வெயில் சரியாக வேலை செய்கிறது. அழுக்கு ஒட்டி, கழுவினாலும் பளபளப்பு இல்லாமல், சோகமாக இருக்கிறது. பிளாங்க் என்றால் இப்படி இருக்க வேண்டும். எனக்கு ஒரே பெருமை.

மே 6, ஞாயிறு

5, 5, 6, 5.

மறுபடி அளந்தேன், 5. வேறு டிராப்பர் கொண்டுவந்தேன், 5. நான்காம் கட்டத்தில் சொட்டு உருண்டு திரண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

நடுவில் பத்து நாள் விட்டு விட்டு மழை. மழையா காரணம்? மழைத் தண்ணீரில் ஏதாவது இருக்கிறதா? ஒரு குப்பி பிடித்து நாளை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போக வேண்டும்.

மே 7

மழைத் தண்ணீரில் ஒன்றும் இல்லை. அப்படியானால் முடிவு ஒன்றுதான். பெயின்ட் தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது! வெளியில் நிற்கும் வண்டிக்கு மெழுகே தேவையில்லை! இத்தனை வருடம் உலகம் வீணாகத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

சாயங்காலம் மெனக்கெட்டு உதிரிபாகக் கடைக்குப் போய், நாலு வாடிக்கையாளர் எதிரில் இதைச் சொன்னேன். கடைக்காரர், "அக்கா, பல்புக்கு வந்தீங்களா, பாடம் எடுக்க வந்தீங்களா?" என்றார். அவருக்கு வயிற்றெரிச்சல். புரிந்துகொள்ள முடிகிறது.

படிக்கட்டில் டீ குடிக்கும்போது இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரிடமாவது என்ன, அண்ணியிடம்தான். "அப்படியா? போ!" என்று கண்ணை விரித்துக் கேட்பார். அந்த "போ!"வுக்காகவே பத்தொன்பது வருடமாக ஆபீஸ் கதையெல்லாம் கொண்டுவந்து கொட்டியிருக்கிறேன்.

மே 20, ஞாயிறு

5, 5, 7, 4.

நான்காவது முதலாவதைவிட நன்றாக இருக்கிறது. ஒன்றுமே போடாத கட்டம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போட்ட கட்டத்தைத் தோற்கடித்துவிட்டது. முதல் கட்டத்தில் மெழுகு மேல் மெழுகு ஏறி வெள்ளையாக ஒரு படலம், தூசி வேறு அப்பியிருக்கிறது. தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

மே 21

பக்கத்து மேசை 'சந்தேக'த்திடம் நோட்டைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நம்ம லேப்ல பிளாங்க்ல ஏதாவது தெரிஞ்சா என்ன சொல்வீங்க?"

"யாரோ கை வெச்சிருக்காங்கன்னு சொல்வேன்."

"அப்ப வீட்ல மட்டும் ஏன் வேற மாதிரி சொல்றீங்க?"

முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இருபத்திரண்டு வருட அனுபவம்! கடையில் வேறு பிரசங்கம் செய்துவிட்டு வந்திருக்கிறேன். இனி பல்பு வாங்க ஊர்க்கோடிக்குத்தான் போக வேண்டும்.

மே 24

இவரைக் குறுக்கு விசாரணை செய்தேன்.

"நாலாவது கட்டத்துல வாக்ஸ் போட்டீங்களா?"

"என் சட்டைக்கே நான் இஸ்திரி போட்டதில்ல. உன் பானட்டுக்கு வாக்ஸ் போடுவேனா?"

நியாயமான வாதம். விடுதலை செய்துவிட்டேன்.

ஜூன் 6, புதன்

கடைவாய்ப் பல் பிடுங்கியாயிற்று. வாய் முழுக்கப் பஞ்சு. மூன்று நாள் லீவு. பேச முடியாததால் எழுதுகிறேன்.

காலை பத்தரை இருக்கும். இவர் வேலைக்குப் போயாயிற்று. பால்கனியில் துணி எடுக்கப் போனேன். கீழே என் வண்டியருகே யாரோ குனிந்திருந்தார்கள்.

அண்ணி.

இடது கையில் பச்சை டப்பா, வலது கையில் பழைய பனியன் துணி. நாலாம் கட்டத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதை மட்டும். டேப்பைத் தாண்டாமல், மூலையெல்லாம் விரலால் ஒற்றி, சின்னச் சின்ன வட்டமாக, அவ்வளவு பொறுமையாக. நடுவில் நிறுத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டார். சாய்ந்து நின்று வெளிச்சத்தில் பார்த்தார். திருப்தியில்லை போல. மறுபடி தேய்த்தார். பிறகு தெருவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, டப்பாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார். ஐம்பத்தாறு வயதில் அந்த ஓட்டம்!

மொதல்ல கோவம்தான் வந்துச்சு. என் டேட்டா! மூணு மாசம்! கத்தலாம்னா வாயில பஞ்சு. நல்ல வேளை பஞ்சு.

அப்புறம் அப்படியே ஈரத்துணியோட நின்னேன். எதுக்கு? பேசவே மாட்டேங்கறாங்க, ஆனா என் வண்டிக்கு... எதுக்காக?

ஜூன் 7

தூக்கம் சரியில்லை, பல் ஒரு பக்கம், இது ஒரு பக்கம்.

ஜனவரியில் நான் பதிலுக்கு என்ன சொன்னேன் என்பதை எழுதிவிடுகிறேன். எழுதாததால் அது சொல்லாததாகிவிடாது.

"உள்ள உக்காந்து பேப்பர் படிக்கறதுக்கு எதுக்கு ஒரு வண்டி, அதுக்கு எதுக்கு ஒரு ஷெட்?" என்றேன். இவர் இருந்தார், அண்ணியின் வீட்டுக்காரர் இருந்தார், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர்கூட இருந்தார். சிலிண்டர்காரர் சிரித்தார்.

அண்ணி தினமும் ஒரு மணி நேரம் ஷெட்டில் நிற்கும் வண்டிக்குள் உட்கார்ந்து பேப்பர் படிப்பார் என்பது நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசியதில்லை. வீட்டுக்குள் அவர் வீட்டுக்காரர் போடுகிற டிவி சத்தத்தில் மாடியிலேயே தட்டுகள் அதிரும். கீழே எப்படி இருக்கும்? அந்த வண்டிதான் அவருக்கு அறை. மாற்றி மாற்றி நிறுத்தலாம் என்று நான் கேட்டது அவர் காதில் எப்படி விழுந்திருக்கும்? தெருவில் நிற்கும் வண்டிக்குள் உட்கார்ந்து பேப்பர் படிக்க முடியுமா?

இது எனக்கு ஜனவரியிலேயே தெரியும். தெரிந்துதான் அந்த இடத்திலேயே குத்தினேன்.

ஜூன் 9, சனி

பஞ்சு எடுத்தாயிற்று. நோட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். கதவு திறந்துதான் இருந்தது. அண்ணி சமையலறையில். நோட்டைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"ஆமா, நான்தான் போட்டேன். போலீசக் கூப்பிடு."

"அண்ணி, அது ஒரு டெஸ்ட்டு."

"என்ன டெஸ்ட்டு?"

பிளாங்க் பற்றிச் சொன்னேன். ஒன்றுக்கு மட்டும் போடாமல் விட்டால்தான் மற்றதற்கு மெழுகு என்ன செய்தது என்று தெரியும் என்று சொன்னேன். நோட்டைத் திறந்து எண்களைக் காட்டினேன். அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார்.

"இங்க வா" என்று ஜன்னலருகே இழுத்துக்கொண்டு போனார். "என்ன தெரியுது?"

பார்த்தேன். நேர் எதிரே என் வண்டியின் முகப்பு. அதில் ஜன்னலுக்கு நேராக இருப்பது நான்காம் கட்டம். அடுப்படியில் நின்றால் வேறு எதுவுமே கண்ணில் படாது.

"மூணு கட்டம் பளபளன்னு இருக்கு. என் ஜன்னலுக்கு நேரா இருக்கறத மட்டும் வாட விட்டிருக்கே. 'பாரு, உன்னாலதான் என் வண்டி இப்படி ஆச்சு'ன்னு தெனமும் காலைல எனக்குக் காட்டறேன்னு நெனச்சேன். டேப்பெல்லாம் ஒட்டி, கட்டம் கட்டி!"

"அய்யோ அண்ணி!"

"ஒரு மாசம் பாத்தேன். பால் காய்ச்சறப்ப அதுதான், சாதம் வடிக்கறப்ப அதுதான். தாங்கல. அதான் எங்கிட்ட இருந்த பாலிஷ எடுத்துட்டு வந்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பல் பிடுங்கின இடம் வலிக்கச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. நான் பாட்டுக்கு ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருந்திருக்கிறேன். கீழே ஒருவர் அதைத் தினமும் தனக்கு எழுதின கடிதமாகப் படித்திருக்கிறார்.

"பேப்பர் படிக்கறதப் பத்தி நான் சொன்னது தப்பு அண்ணி."

"சொன்னது தப்பில்ல. சிலிண்டர்காரன் முன்னாடி சொன்னதுதான் தப்பு." கரண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "நானும் பங்கு கிங்குன்னு பேசியிருக்கக் கூடாது. பத்தொம்பது வருஷம்" என்றார்.

உள்ளே டிவியில் யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணி கதவைச் சாத்திவிட்டு அடுப்பில் டீ வைத்தார். மணி பதினொன்று. ஆறு மணி வரைக்கும் யார் காத்திருப்பது?

"அப்ப உன் டெஸ்ட்ட நான் கெடுத்துட்டேனா?"

"மூணு மாசம் போச்சு."

"அப்படியா? போ!"

ஜூன் 10, ஞாயிறு

மூன்றாம் கட்டம் மூன்று மாதம் முடிந்து 8-க்கு வந்துவிட்டது. ஓட்டக் கற்றுத்தந்த மாஸ்டரின் கணக்கு வெளியில் நிற்கும் வண்டிக்கு ஒத்து வராது.

பானட் முழுவதையும் சோப்புப் போட்டுக் கழுவி முதலிலிருந்து தொடங்கலாம் என்றேன். இந்த முறை மூன்று கட்டம் போதும்: மாதம் ஒன்று, இரண்டு மாதம் ஒன்று, ஒன்றுமில்லாதது ஒன்று. அண்ணி ஒப்புக்கொள்ளவில்லை. "ஒண்ண மட்டும் ஒதுக்கி வெக்கறத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது. மறுபடி போட்டுடுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

நேர்மையான எச்சரிக்கை. ஆய்வுக்கூடத்தில் இப்படி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

ஜூன் 17, ஞாயிறு

காலையில் ஷெட்டில் வண்டி கிளப்பும் சத்தம். அண்ணி வெள்ளை வண்டியை ரிவர்ஸில் எடுத்து (என்னைவிட நன்றாக எடுக்கிறார்) என் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். இறங்கி டேப்பைக் கேட்டு வாங்கி, தன் பானட்டில் தானே ஒரு கட்டம் ஒட்டினார்.

"உன் வண்டிக்கு முழுசா போட்டுக்கோ. போடாத கட்டம் என் வண்டில இருக்கட்டும். என்னுது வாடினா எனக்கு ஒண்ணும் தோணாது."

"ஆனா அது ஷெட்ல..."

"நிழல்ல நின்னா கணக்கு வராதில்ல?"

"வராது அண்ணி."

"அப்ப வெளியவே நிக்கட்டும்."

வெள்ளையையும் கருநீலத்தையும் ஒப்பிடலாமா, இரண்டு பெயின்ட்டும் ஒன்றா என்று ஆபீஸில் 'சந்தேகம்' கேட்பார். கேட்கட்டும். அவருக்குச் சொல்லப்போவதில்லை.

"அப்ப நீங்க பேப்பர் எங்க படிப்பீங்க?" என்று கேட்டேன். அண்ணி உள்ளே போய் பிரம்பு நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து ஷெட்டில் போட்டார். நான் மாடிக்குப் போய் இன்னொன்றை எடுத்து வந்தேன். நல்ல இடம். மூன்று பக்கம் சுவர், டிவி சத்தம் வராது, காற்று வருகிறது. முன்பே தெரியாமல் போயிற்றே.

இவர் வெளியே வந்து பார்த்தார். "ரெண்டு வண்டியும் வெயில்ல, ரெண்டு பேரும் நிழல்ல. இதுக்கா அஞ்சு மாசம் சண்ட?"

அவருக்கு நாற்காலி கிடையாது என்று அண்ணி சொல்லிவிட்டார்.

ஜூலை 8

அளவு சரி. மழை. இரண்டு டீ.

ஜூலை 29, ஞாயிறு

என் வண்டியில் மாதம் ஒரு முறை போட்ட கட்டம் 5, இரண்டு மாதக் கட்டம் இன்னும் 6-ஐத் தாண்டவில்லை. அண்ணியின் கட்டம் 9. வெள்ளை வண்டியில் அது மஞ்சளடித்து, ஓரமெல்லாம் கறுத்து, பார்க்கவே என்னவோ போலிருக்கிறது. என் பால்கனியிலிருந்து துணி காயப்போடும்போதெல்லாம் அதுதான் கண்ணில் படுகிறது. அண்ணிக்கு ஒன்றும் தோன்றவில்லையாம். நிம்மதியாகப் பேப்பர் படிக்கிறார்.

எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பிளாங்க் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 3

இன்றைக்கும் பால்கனியிலிருந்து பார்த்தேன்.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

முடிவு: வெளியில் நிற்கும் வண்டிக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மெழுகு போட்டால் போதும். அதற்குள் சொட்டு தட்டையாகப் பரவினால் உடனே போட வேண்டும். அதற்கு மேல் போடுவது தோளுக்குத்தான் கேடு. உதிரிபாகக் கடைக்குப் போய், முன்பு சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டு ஒரு பல்பும் வாங்கி வந்தேன்.

இன்று டிராப்பரை அண்ணியே வாங்கிக்கொண்டார். நான் ஷெட்டில் உட்கார்ந்து நோட்டை வைத்துக்கொண்டு எழுதினேன். என் வண்டி 5, 6. பிறகு தன் வண்டிக்குப் போனார். சொட்டு விட்டார், ஸ்கேல் வைத்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு மறுபடி பார்த்தார்.

"அஞ்சு."

நான் எழுதிக்கொண்டேன்.

"ஏம்மா, போன தடவ ஒம்போது. இப்ப அஞ்சு. பிளாங்க்ல யாரோ கை வெச்சிருக்காங்க."

டீ சூடாக இருந்தது. நான் டீயைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.